மோரிஸ் காரின் தரை

அம்மாவின் இடது கால் காரின் தரையைத் துளைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிய நேரத்தில் நான் பட்டறையில் யாருடைய வீட்டுக்கோ கேட் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். அண்ணன் போன் செய்தார். அம்மாவைக் காய்கறி வாங்க ஏற்றிப்போனபோது புந்தோங் பாசார் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கிவிட்டதாம். அம்மா பயந்துபோய்க் காலை அழுத்தி ஊன்றினாளாம். லேசான சிராய்ப்புதானாம், வேலையை முடித்துவிட்டு மெதுவாக வந்தால் போதுமாம். நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் பெருவிரல் நகம் பாதி இல்லை. பாதத்தின் ஓரத்தில் தோல் உரிந்து மணலும் தாரும் அப்பிக் கிடந்தன. கணுக்காலைச் சுற்றித் தகடு கிழித்த கோடு. பல வருஷமாக இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை போடுகிறவள் அவள். எங்கள் தெருவில் இனிப்பு நீரால் விரல் போனவர்கள், பாதம் போனவர்கள், முழங்காலோடு போனவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அது லேசான சிராய்ப்பில்தான் ஆரம்பித்தது.

அண்ணன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை.

"பழைய காடின்னா அப்படி இப்படித்தான் இருக்கும்லா," என்றார். "கார்ப்பெட்ட மாத்திட்டா சரியாயிரும்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. காருக்குத் தரையே இல்லை, இந்த மனிதர் கார்ப்பெட்டைப் பற்றிப் பேசுகிறார். அவருடைய சட்டைப் பையில் கையை விட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மோரிஸ் மைனர் எங்கள் அப்பாவுடையது. அப்பா சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டினார். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, செம்பனை நட்டு, லயத்து வீடுகளை இடித்தபோது எங்களை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வரும்போது தோட்டத்து ஆபீஸ் கிராணியிடமிருந்து இந்தக் காரையும் வாங்கிக்கொண்டு வந்தார். தோட்டத்தை நினைத்து உருகுகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்த நோய் கிடையாது. கக்கூசுக்கு வரிசையில் நின்ற இடத்தை நினைத்து உருக என்ன இருக்கிறது? அங்கிருந்து வந்ததில் உருப்படியான பொருள் இந்தக் கார் ஒன்றுதான். அப்பா இறந்தபிறகு அது பேச்சே இல்லாமல் அண்ணனுக்குப் போனது. எனக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. வீட்டில் இரும்பு வேலை தெரிந்த ஒரே ஆள் நான்.

இந்தப் பட்டறையை என் கணவரும் நானும் சேர்ந்து தொடங்கினோம். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று ஈப்போ முழுக்க எங்கள் கைபட்ட இரும்பு நிற்கிறது. சுங்காயில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது மழையில் அவருடைய வேன் சறுக்கி, எதிரே வந்த செம்பனை லோரிக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு பட்டறையை நானே நடத்துகிறேன். பரிதாபப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரும்பை வெட்டி ஒட்டிப் பிழைக்கிற தங்கை உள்ளூரிலேயே இருக்க, அண்ணன் காரைப் புதுப்பிக்க எவனோ ஒரு பட்டறைக்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதைச் சொல்வதற்குத்தான். கேட் அடிக்கிற கைக்குக் கார் வேலை ஒத்துவராது என்று அண்ணியிடம் சொன்னாராம்.

அந்தப் பட்டறைக்காரன் காரைப் பாலாடை நிறத்தில் பளபளவென்று திருப்பிக் கொடுத்திருந்தான். அண்ணன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நேரத்துக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் வைத்திருக்கிறவர்களோடு வரிசையாக ஊர்வலம் போவார். கோப்பிக் கடை வாசலில் நிறுத்தி, பல் துலக்குகிற பிரஷ்ஷால் முன்பக்கத்துக் குரோமியத்தைத் தேய்ப்பார். வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று படம் எடுப்பான். தன் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

விஷயம் இதோடு நின்றிருந்தால் காரைப் பட்டறை மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பேன். ஆனால் அண்ணன் மகனுக்குத் தைப்பிங்கில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் தானும் அந்தக் காரில்தான் மண்டப வாசலில் போய் இறங்க வேண்டும் என்று அம்மா எப்போதோ முடிவு செய்துவிட்டாள். தாத்தா ஓட்டிய கார், பேரனுக்கு அதில் போவதுதான் மரியாதையாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு எந்த வண்டியிலும் ஏறமாட்டாளாம். ஈப்போவிலிருந்து தைப்பிங் வரை, நெடுஞ்சாலையில், அந்த ஊர் மழையில், அந்தத் தரையின்மேல் காலை வைத்துக்கொண்டு போகப்போகிறாள். பாசார் பக்கம் வண்டி ஊர்ந்து போனதால் நகம் போனதோடு தப்பித்தாள். நெடுஞ்சாலை வேகத்தில் அதே கால் கீழே இறங்கியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

"அண்ணே, இந்தத் தரைய நான் முழுசா வெட்டி மாத்தாம அம்மா இதுல ஏறக்கூடாது," என்றேன். "ஏத்துனீங்கன்னா, கல்யாணத்தன்னிக்குக் காலையில வந்து நாலு டயரையும் கிழிச்சிட்டுப் போவேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனுக்கு என்னைத் தெரியும். சரி என்றார்.

கார் பட்டறைக்கு வந்ததும் சீட்டுகளைக் கழற்றினேன். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் கம்பளி விரிப்பு ஊறிப்போய்க் கிடந்தது. அதற்கும் அடியில் தார். தாரைச் சூடு காட்டிச் சுரண்டினால் பிசினில் தோய்த்து ஒட்டிய ஃபைபர் துணி. அதையும் கிழித்தால் துருவின்மேல் துரு, ஏடு ஏடாக உரிந்து வந்தது. ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். இது சொத்சொத்தென்றது. அந்த ஆள் துருவை வெட்டவே இல்லை. ஈரத்தோடு அப்படியே மூடிப் பூசி மெழுகியிருக்கிறான். மூடி வைத்த துரு சும்மா இருக்காது. மேலே சாயம் மின்னிக்கொண்டிருக்க, அடியில் அது பாட்டுக்குத் தின்றுகொண்டேயிருக்கும். பிய்த்து எறிந்த ஒவ்வொரு துண்டுக்கும் அவனுக்கு ஒரு வசவு வைத்தேன். அவன் முகம் எனக்குத் தெரியாது. அதனால் அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. மழைத் தண்ணீர் ஒழுகியிருந்தால் துரு முன்கண்ணாடி ஓரத்திலிருந்தும் கதவு ஓரத்திலிருந்தும் இறங்கியிருக்க வேண்டும். இந்தக் காரில் அது முன்சீட்டுகளுக்கு அடியிலிருந்து கிளம்பிச் சுற்றிலும் பரவியிருந்தது. அங்கே தரைக்குக் குறுக்கே ஒரு சட்டம் போகும், உள்ளே வெற்றுக் கூடு. அதன் மேல்தகட்டை வெட்டித் திறந்தேன். வெள்ளையாக ஏதோ கட்டிதட்டி இறுகிக் கிடந்தது. உளியை வைத்து நெம்பியதும் கட்டியோடு சேர்ந்து ஒரு சிவப்புத் துணி வந்தது. துணிக்குள் கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று, நாலைந்து காய்ந்த மிளகாய்.

கல் உப்பு. வண்டிக்குக் கண் திருஷ்டி படக்கூடாது என்று உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் சிவப்புத் துணியில் முடிந்து சீட்டுக்கு அடியில் வைப்பது எங்கள் ஆட்களிடம் இருக்கிற பழக்கம். அமாவாசைக்கு அமாவாசை பழைய முடிச்சை எடுத்து ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதைச் செய்கிறவள் அம்மா, அவளுக்கு முழங்கால் வலி, குனிந்து எடுக்க முடியாது. புதியதை உள்ளே தள்ளிவிடுவாள், பழையது பின்னால் நகர்ந்து சட்டத்தின் ஓட்டைக்குள் விழுந்துவிடும். அள்ள அள்ள வந்துகொண்டேயிருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு காய்ந்து கிடக்காது, வியர்த்துத் தண்ணீராக ஒழுகும். வருஷக்கணக்காக என் அம்மா அந்தத் தரைக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கட்டிகளை ஒரு காலிச் சாயத் தகரத்தில் அள்ளிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தை அவள் முன்னால் தரையில் கவிழ்த்தேன். அன்றைக்கு என் வாயில் வந்ததையெல்லாம் எழுத முடியாது. உன் காலை நீயே அறுத்துக்கொண்டாய் என்றேன். பேரனையும் சேர்த்து ரோட்டில் போடப் பார்த்தாய் என்றேன். திருஷ்டி கழிக்கிறேன் என்று குடும்பத்தையே குழியில் இறக்கப் பார்த்தாய் என்றேன். அண்ணி நடுவில் வந்து, எல்லார் வீட்டுக் காடியிலும் வைக்கிறதுதானே என்றாள். அவளையும் நான் விடவில்லை. இனிமேல் அந்தக் காரில் ஒரு கல் உப்பு வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடு என்று அம்மாவிடம் கையை நீட்டினேன். புதுத் தகடு போட்டாலும் உப்பு திரும்பி வந்தால் அந்தத் தரையும் போய்விடும், அப்புறம் நான் வேலை செய்து என்ன பயன் என்று கத்தினேன்.

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். கோபப்படவில்லை, அழவில்லை.

"உன் புருஷன் காடியில வைக்கிறேன்னு எத்தன தடவ கேட்டேன்," என்றாள். "தகடு போயிரும், தகடு போயிரும்னு தூக்கி எறிஞ்ச. தகடு நல்லாத்தான் இருந்துச்சு."

அண்ணி துடைப்பத்தை எடுத்துவந்து கொட்டிக் கிடந்த உப்பைக் கூட்ட ஆரம்பித்தாள். நான் வெளியே வந்து என் வேனை எடுத்தேன். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வழியில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியிருப்பேன், யாரோ ஹாரன் அடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அத்தனை வருஷமும் அவள் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள். அவர் படத்துக்குப் பூ வைத்திருக்கிறாள். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அத்தனை வருஷமும் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டே செய்திருக்கிறாள். மழை காரணமில்லை, வளைவு காரணமில்லை, லோரிக்காரன் காரணமில்லை, நான் ஒரு பிடி உப்பைத் தூக்கி எறிந்ததுதான் காரணம். பெற்ற தாய் இப்படி நினைத்துக்கொண்டு என் தலையைத் தடவியிருக்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. நான் சொன்னது சரி. உப்பு தகட்டைத் தின்னும், ஆளைக் காப்பாற்றாது. இதை யாரிடம் போய் நிரூபிப்பது?

அதற்குப் பிறகு சில நாள் கார் பக்கமே போகவில்லை. ஆனால் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கட்டு மாற்றுவது என் வேலையாக இருந்தது. அண்ணனுக்குப் புண்ணைப் பார்த்தால் மயக்கம் வருமாம். வேனில் ஏற்றிக்கொண்டு போவேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவளும் பேசமாட்டாள். பெருவிரல் ஓரத்தில் கறுப்பு ஏறியிருந்தது. அது மேலே பரவினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கல்யாணத்துக்குச் செருப்புப் போட முடியுமா என்று கேட்டாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் செய்யாவிட்டால் அண்ணன் யாரையாவது பிடித்து மறுபடி பூசி மெழுகிக்கொண்டு வந்துவிடுவார், இவளும் ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. அவள்மேல் இருக்கிற கோபத்துக்காக அவள் காலை விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வேலையை மறுபடி எடுத்தேன். முதலில் கதவுகள் இருக்கிற இடத்தில் குறுக்கே கம்பி வைத்து ஒட்டினேன். தரையை எடுத்ததும் காரின் உடம்பு தொய்ந்துவிட்டால் அப்புறம் கதவு மூடாது. பிறகு கிரைண்டரால் வெட்டினேன். துரு முடிகிற இடத்தில் நிறுத்தவில்லை, அதையும் தாண்டி வெள்ளைத் தகடு வரும்வரை போனேன். முன்தரை இரண்டு பக்கமும் போனது, குறுக்குச் சட்டம் முழுவதும் போனது. காருக்குள் எட்டிப் பார்த்தால் பட்டறையின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

மிச்சம் இருந்த தகட்டைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். சாயங்காலம் வெள்ளிபோல இருந்தது, காலையில் வந்து பார்த்தால் பழுப்பு பூத்திருந்தது. தகட்டின் சின்னச் சின்னக் குழிகளுக்குள் உப்பு இறங்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே எதைப் பூசினாலும் வீண். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். காற்றடித்து உலர்த்தி, ஈர விரலை ஒத்தி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. மறுபடி கழுவினேன். மறுபடி கரித்தது. ஒவ்வொரு தடவை கரிக்கும்போதும் அம்மா சொன்னது காதுக்குள் விழுந்தது. கரிப்பு முழுவதும் போனபிறகுதான் துருவைக் கட்டுகிற அமிலத்தை எடுத்தேன். பூசியதும் குழிகளில் மிஞ்சியிருந்த துரு கறுத்து இறுகியது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் ஒரு நாள் வந்தார். காருக்குள் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போய் நின்றார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உப்பு விஷயம் தெரியுமா என்று. முன்பக்கத்துக் குரோமியத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு ஒத்துக்கொண்டார். மளிகைக் கடையில் உப்புப் பொட்டலம் வாங்கிக் கொடுத்ததே அவர்தானாம்.

"அம்மா மனசுக்கு ஒரு ஆறுதல்லா," என்றார். "அன்னிக்கு அவங்க சொன்னத நீ பெருசா எடுத்துக்காத. வயசாயிருச்சு."

வயசாகிவிட்டது என்ற வார்த்தை எங்கள் வீட்டில் ஃபைபர் துணி மாதிரி. அடியில் என்ன அழுகிக் கிடந்தாலும் அதைப் போட்டு மூடிவிடலாம். நான் கிரைண்டரை ஓடவிட்டேன். அவருடைய உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அட்டையில் அளவெடுத்துப் புதுத் தகட்டை வெட்டினேன். பழைய தரையில் வரிவரியாக மேடுகள் இருந்தன. அவை அழகுக்கு இல்லை, வண்டி ஓடும்போது தகடு அதிராமல் இருப்பதற்கு. மரக்கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து அந்த மேடுகளை எழுப்பினேன். கோபத்துக்கு நல்ல வேலை அது. ஒட்டுகிற வேலை அப்படி இல்லை. ஒரே இழுப்பாக ஒட்டினால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும். இங்கே ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒன்று என்றுதான் போக வேண்டும். முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறவிட்டேன். தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடங்களில் ஒட்டுவதற்கு முன்பே துத்தநாக பிரைமர் பூசினேன். ஒட்டிய பிறகு இணைப்புகளில் பசை வைத்து அடைத்து, மேலும் கீழும் எபாக்ஸி சாயம் அடித்து, அடிப்பக்கத்தில் கல் தெறித்தாலும் உரியாத ரப்பர்ப் பூச்சு போட்டேன். குறுக்குச் சட்டத்தின் கூட்டுக்குள் மெழுகு பீய்ச்சினேன். கடைசியில் மேலே அதே பாலாடை நிறம். காய்ந்ததும் நானே உள்ளே ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். என் உடம்பு அம்மாவைப்போல இரண்டு மடங்கு. தரை முனகக்கூட இல்லை.

சாவியைக் கொடுக்கும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன், இதற்குள் ஒரு கல் உப்பைப் பார்த்தால் காரை இரண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று. அவர் தலையாட்டினார். அம்மா சத்தியம் செய்யவே இல்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

கல்யாணத்தன்று மோரிஸ் முன்னால் போக, நான் என் வேனில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். கோலகங்சாரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓடுகிற இடைவெளியில் காரின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சக்கரம் வாரி அடித்த தண்ணீர் முழுக்க அந்தத் தகட்டில்தான் போய் மோதிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் அண்ணன் குடை பிடிக்க அம்மா இறங்கினாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. கறுப்பு பரவவில்லை, விரல் தப்பித்துவிட்டது. கட்டுகூட நனையவில்லை.

எல்லாரும் ஆரத்திக்கு நின்றபோது நான் காரின் கதவைத் திறந்து இரண்டு சீட்டுக்கும் அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. தரை உலர்ந்து வழுவழுவென்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பந்தி நடக்கும்போது அம்மா ஒரு ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவளிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. உப்பு வைக்கவில்லைபோல என்றேன்.

"உங்கண்ணன் பொறுமையா ஓட்டுவான். அவனுக்கு வேணாம்னா வேணாம்," என்றாள். கண்ணை மணமேடையிலிருந்து எடுக்கவில்லை. "நீதான் கோவத்துல ஓட்டுற."

விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் மழையிலேயே வெளியே போனேன். வேனின் கதவைத் திறந்து, என் சீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த தடித்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். சிவப்புத் துணி. உள்ளே எலுமிச்சம்பழம் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. கிளினிக்குக்குப் போன நாளில் வைத்திருப்பாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில். அதற்கு அடியில் பழைய துணிகள் மட்கிப்போய்க் கிடந்தன, உப்பு வெள்ளையாகப் பாளம் கட்டியிருந்தது. மாதாமாதம் அமாவாசைக்கு அவருக்குப் படைக்க அம்மா என் வீட்டுக்கு வருவாள். நான் அடுப்படியில் நிற்பேன், வேன் வாசலில் திறந்து கிடக்கும். சாவி முனையால் தகட்டைக் கீறினேன். சாவி உள்ளே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் ஓட்டை வழியாகத் தைப்பிங்கின் ஈர மண் தெரிந்தது.

அடுத்தவர் தரையைத் தட்டிப் பார்த்த எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அத்தனை முடிச்சுகளையும் வாரிக்கொண்டு போய் மண்டபத்துக்குப் பின்னால் நிரம்பி ஓடிய வடிகாலில் எறிந்தேன். சேலை முழுக்க நனைந்து உள்ளே வந்தபோது அண்ணி என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஈப்போவுக்கு வந்ததும் வேன் தரையை வெட்டினேன். அதே மாதிரி கழுவி, அதே மாதிரி நாக்கில் வைத்துப் பார்த்து, புதுத் தகடு போட்டேன். அமாவாசைக்கு முந்தின நாள்தான் சாயம் காய்ந்தது. மறுநாள் அம்மா காலை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அடுப்படியில் படையலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அதை நான் தெரிந்தேதான் பூட்டாமல் விட்டிருந்தேன். அவள் சொன்னதை நான் மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்பதிலும் மாற்றம் இல்லை. குனிய முடியாதவள், எவ்வளவு நேரம் ஆகிறதோ ஆகட்டும் என்று வடையைத் திருப்பிப் போட்டேன். தரை போனால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். தகடு கடையில் கிடைக்கிறது.